ஐந்தொகை பொருந்தினால் கணக்கு மெய்யாகுமா?

அளவை: வாசகர் கேள்வி பதில்

இந்தப் பகுதிக்கு ‘அளவை’ என்று பெயர் வைத்தபோது, படியையும் மரக்காலையும் பற்றி எழுதப்போகிறீர்களா என்று காரைக்குடி நண்பர் ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலைகள் உண்டு. நெல்லை அளப்பதும் அளவை. ஒன்றை அறிந்தேன் என்று சொல்வதற்கு ஆதாரமாக நிற்கும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்னும் வழிகளும் அளவை. மணிமேகலையில் பல சமயத்தார் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதை, அவர்களைச் ‘சமயக் கணக்கர்’ என்றே அழைக்கிறது. இம்மாதக் கடிதங்கள், அந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று தொடும் இடத்திலிருந்து எழுதப்பட்டவை.

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் ஒரு பெட்டியடியில் (வட்டிக்கடையில்) அடுத்தாளாக, அதாவது முதலாளின் உதவியாளராக, இருந்தவர்கள். நானும் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். பற்றும் வரவும் சமமாகிறதா என்று பார்க்கும் ஐந்தொகை பொருந்திவிட்டால் கணக்கு சரி என்பதே நாங்கள் கற்ற பாடம். கணிதமும் அப்படித்தானே? தனக்குள் முரண் இல்லாமல் இருந்தால் அது உண்மை என்று சொல்லிவிடலாம் அல்லவா?
– ஓய்வு பெற்ற கணக்கர், தேவகோட்டை

பதில்: பேரேட்டோடு அத்தனை காலம் பழகிய உங்களுக்கு இதன் விடை தெரியாமல் இருக்காது, என்னைச் சோதிக்கவே கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐந்தொகை பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு இருப்பது உறுதி. பொருந்திவிட்டால் தவறே இல்லை என்பது உறுதியாகுமா? ஒருவருக்குக் கொடுத்த கடனைக் குறிப்பில் ஏற்றாமலே விட்டிருந்தால் அது பற்றிலும் வராது, வரவிலும் வராது. ஐந்தொகை அழகாகப் பொருந்தும். ஒருவர் பெயரில் எழுத வேண்டிய பற்றை அதே பெயருள்ள இன்னொருவர் பக்கத்தில் எழுதியிருந்தாலும் பொருந்தும். பொருத்தம் என்பது ஏட்டின் இரண்டு பக்கங்களுக்கு இடையில் உள்ள உறவு. மெய் என்பது ஏட்டுக்கும், ஏட்டுக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலுக்கும் இடையில் உள்ள உறவு.

கணிதத்திலும் இது நடந்திருக்கிறது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளியின் வழியாக அதற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரையலாம் என்று சொல்வதற்கு ஒப்பான ஓர் எடுகோள் (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் கூற்று) யூக்ளிடின் வடிவியலில் உண்டு. அதை மற்ற எடுகோள்களிலிருந்து வருவித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றார்கள். பிறகு ருஷ்யாவில் லொபாச்செவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியில் போயாய் 1832-இலும், அப்படிப்பட்ட கோடுகள் பல உண்டு என்று வைத்துக்கொண்டு வேறொரு வடிவியலையே எழுதி வெளியிட்டார்கள். யூக்ளிடின் ஏட்டில் முரண் இல்லையென்றால் இந்தப் புதிய ஏட்டிலும் முரண் இருக்க முடியாது என்று 1868-இல் இத்தாலியரான பெல்ட்ராமி காட்டினார். ஆக, இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று ஒன்று சொல்கிறது, அதைவிடக் குறைவு என்று மற்றொன்று சொல்கிறது. நாம் வாழும் வெளி இவற்றில் எதைப் போன்றது என்பதை ஏட்டைப் புரட்டி அறிய வழியில்லை. அளந்துதான் அறிய வேண்டும்.

பொருத்தத்தையாவது முழுமையாக உறுதிசெய்ய முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும் என்று ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் நம்பினார். 1931-இல் கர்ட் கோடெல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் பேசும் அளவுக்கு வளமுள்ள, விதிகள் திட்டமாக எழுதப்பட்ட ஓர் அமைப்பு முரணற்றதாக இருந்தால், தன் விதிகளால் மெய்ப்பிக்கவும் மறுக்கவும் இயலாத கூற்றுகள் அதற்குள் இருந்தே தீரும். தான் முரணற்றது என்பதையும் அது தன் விதிகளைக் கொண்டே மெய்ப்பிக்க முடியாது. பெட்டியடியின் கணக்கை அந்தப் பெட்டியடியே தணிக்கை செய்துகொள்ள முடியாது என்பதைப் போல என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. தணிக்கைக்காரர் திருட்டைப் பிடிக்க வருகிறவர். கோடெல் பேசியது நேர்மையாக எழுதப்பட்ட ஏட்டைப் பற்றி.

கேள்வி: பித்தாகரஸ் தேற்றத்தில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அது இல்லாமலே கர்ணத்தைக் காணும் வழியைப் போதையனார் என்னும் தமிழ்ப் புலவர் பாடிவைத்தார் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. செங்கோண முக்கோணத்தின் பெரிய பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, சிறிய பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்கிறது அது. 3, 4 போட்டேன், 5 வந்தது. 5, 12 போட்டேன், 13 வந்தது. இருந்தும் எங்கள் பேராசிரியர் ஏற்க மறுக்கிறார். எத்தனை முறை சரியாக வந்தால் ஏற்பார்கள்?
– இளங்கலை மாணவி, காரைக்குடி

பதில்: அந்தச் செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கும் வருகிறது, அனுப்புகிற எல்லோரும் நீங்கள் போட்ட அதே இரண்டு முக்கோணங்களைத்தான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றைப் போடுவோம். பக்கங்கள் 8, 15 என்றால் உண்மையான கர்ணம் 17. பாடலின் வழியில் 15-இல் எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் 13.125, அதோடு 4-ஐக் கூட்டினால் 17.125. பக்கங்கள் 7, 24 என்றால் கர்ணம் 25; பாடல் 24.5 என்கிறது. இரண்டு பக்கங்களும் 1 என்றால் கர்ணம் 1.414, பாடல் 1.375 என்கிறது. இன்னும் விளிம்புக்குப் போய், 100-ஐயும் 1-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடல் தரும் விடை 88. கர்ணம் பக்கத்தைவிடச் சிறியதாகிவிட்டது. அப்படி ஒரு செங்கோண முக்கோணம் இருக்கவே முடியாது.

சரி, தவறான வழி உங்கள் இரண்டு முக்கோணங்களுக்கு மட்டும் துல்லியமாக விடை தந்தது எப்படி? இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய பக்கத்தை ‘ப’ என்றும் சிறியதை ‘ச’ என்றும் வைத்துக்கொண்டு, பாடல் தரும் கர்ணமும் பித்தாகரஸ் தரும் கர்ணமும் எப்போது சமமாகும் என்று கேட்டுப் பாருங்கள். ப-வில் எட்டில் ஏழு பங்கையும் ச-வில் பாதியையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, ப² + ச² என்பதற்குச் சமமாக்கிச் சுருக்கினால், 15ப² − 56பச + 48ச² = 0 என்று வந்து நிற்கும். இருபடிச் சமன்பாடு என்பதால் இதற்கு இரண்டு விடைகளுக்கு மேல் இல்லை. அந்த இரண்டும் எவை தெரியுமா? ப-வுக்கும் ச-வுக்கும் உள்ள விகிதம் 4:3 அல்லது 12:5. கணக்கற்ற செங்கோண முக்கோணங்களில் இந்த வழி துல்லியமாகப் பொருந்தும் விகிதங்கள் இரண்டே இரண்டு. பள்ளிப் புத்தகம் நம் மனத்தில் பதித்துவைத்திருப்பவையும் அதே இரண்டு. நீங்கள் சோதிக்கவில்லை, அம்மா. பாடலுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு கேள்விகளை அதனிடமே திருப்பிக் கேட்டிருக்கிறீர்கள்.

இதனால் அந்த வழி வீண் என்று நான் சொல்லவில்லை. சிறிய பக்கம், பெரிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும் வரை பிழை நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. கூரைக்குக் கைமரம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று மனக்கணக்காகப் பார்க்கும் ஆசாரிக்கு அது போதும். தேற்றம் என்று அழைக்கும்போதுதான் பொய்யாகிறது. தமிழ்ப் பாடலில் வந்தது என்பதால் குறைத்துப் பேசுகிறேன் என்றும் எண்ண வேண்டாம். காக்கைபாடினியார் பெயரில் வழங்கும் இன்னொரு பாடல், அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்கிறது. அது எந்த வட்டத்துக்கும் மாறாது. காரணத்தை உங்கள் கையாலேயே காணலாம்: வட்டத்தைத் தேங்காய்ப் பத்தைகளைப் போலப் பல துண்டுகளாகக் கீறி, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கிக்கொண்டே போனால், துண்டுகள் மெலிய மெலிய அது ஒரு செவ்வகத்தை நெருங்கும், அதன் நீளம் அரைச் சுற்றளவு, அகலம் அரை விட்டம். இந்த வழிக்குப் பின்னால் ஒரு ‘ஏன்’ இருக்கிறது. போதையனார் பெயரில் வரும் வழிக்குப் பின்னால் இருப்பது இரண்டு எடுத்துக்காட்டுகள்.

எத்தனை முறை சரியாக வந்தால் போதும் என்று கேட்டீர்கள். ஒவ்வோர் எண்ணையும் பகாக் காரணிகளாகப் பிரித்து, எந்த எல்லை வரை எண்ணினாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணிகள் உள்ளவை பாதிக்குக் குறையமாட்டா என்று 1919-இல் போல்யா ஊகித்தார். பார்த்த எண்களெல்லாம் ஆமென்றன. 1958-இல் அது தவறு என்று நிரூபிக்கப்பட்டது. அது முதன்முதலில் தவறும் எண் 90,61,50,257 என்பது 1980-இல்தான் தெரிந்தது. 2-ஐவிடப் பெரிய இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் இரண்டு பகா எண்களின் கூடுதல் என்னும் கோல்ட்பாக் ஊகம் 1742-இலிருந்து நிலுவையில் இருக்கிறது. 4-ஐ அடுத்துப் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண் வரை கணினியில் சோதித்தும் விட்டார்கள், ஒன்றும் தவறவில்லை. நான் அதை நம்புகிறேன், பந்தயம் கட்டவும் தயார். ஆனால் அறிவேன் என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: எங்கள் பட்டறையில் சதுர அச்சும் அறுகோண அச்சும் வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் ஒருவர் தம் வீட்டு முகப்புக்கு ஐங்கோணக் கல் மட்டுமே வேண்டும் என்றார். ஐந்து பக்கமும் சமமாக இருக்க வேண்டுமாம். கல்லூரியில் படிக்கும் என் மகன், அது பாவ வராது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டான். ஒரு கல்லைக்கூட வார்த்துப் பார்க்காமல், உலகத்தில் யாராலும் முடியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?
– கல் பட்டறை உரிமையாளர், ஆத்தங்குடி

பதில்: கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணத்தை ஊற்றி, சிமெண்ட் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற உங்களுக்கு, கை படாமல் வந்த அறிவின் மேல் ஐயம் இருப்பது நியாயமே. மகன் எழுதியது இப்படி இருந்திருக்கும்: பக்கங்களும் மூலைகளும் சமமான ஐங்கோணத்தில் ஒவ்வொரு மூலையும் 108 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றிக் கற்கள் இடைவெளியின்றி அமைய 360 பாகை வேண்டும். மூன்று கற்களை வைத்தால் 324. இன்னும் 36 பாகை இடைவெளி. நான்காவதை வைத்தால் 432. ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இதில் ஒரு வழியை அவர் விட்டிருக்கலாம்: கல்லின் மூலை இன்னொரு கல்லின் பக்கத்தின் நடுவில் வந்து முட்டினால்? அங்கே நிரப்ப வேண்டியது 180 பாகை. ஒரு மூலை போக மீதி 72, அதற்குள்ளும் இன்னொரு 108 நுழையாது. வேறு வழி எதுவும் மிச்சமில்லை. உலகத்தில் யார் முயன்றாலும் இந்த வழிகளில் ஒன்றிலேதான் கல்லை வைத்தாக வேண்டும் என்பதால், முயன்றவர் எல்லோருடைய தோல்வியும் அந்தத் தாளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் உங்கள் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் கேட்டது ஐந்து பக்கமும் சமம் என்று மட்டுமே. ஐந்து மூலையும் சமம் என்று அவர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. ஒரு சதுரத்தின் மேல் அதே அளவுள்ள சமபக்க முக்கோணத்தை ஏற்றிவைத்த, குழந்தைகள் வரையும் வீட்டைப் போன்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் ஐந்தும் சமம். ஒரு வரிசையை நிமிர்த்தியும் அடுத்த வரிசையைத் தலைகீழாகவும் வைத்தால், கூரை முனைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, முகப்பு முழுவதும் இடைவெளியின்றி நிரம்பும். ‘முடியாது’ என்னும் சொல்லைக் கேட்கும்போது, எந்த நிபந்தனைகளோடு முடியாது என்று கேட்டுக்கொள்வது தொழிலுக்கு நல்லது.

உள்வளைவு இல்லாத ஐங்கோணங்களில் தரையை நிரப்பும் வகைகள் மொத்தம் 15. அவற்றில் நான்கை 1970-களில் கண்டுபிடித்தவர் மார்ஜரி ரைஸ் என்னும் அமெரிக்க இல்லத்தரசி. அவர் பள்ளிக்கு மேல் கணிதம் படித்தவர் அல்லர். பதினைந்தாவது வகை 2015-இல் கிடைத்தது. அதற்கு மேல் இல்லை என்று 2017-இல் பிரான்சின் மிஷேல் ராவ் கணினியின் துணையோடு மெய்ப்பித்தார். கணினி பார்த்துச் சொன்னதை ‘நாம்’ அறிந்தோம் என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு இன்னொரு மாதம் வேண்டும்.

கேள்வி: இராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் கணக்குகளைச் சொன்னார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். முன்பே இருந்தால்தானே சொல்ல முடியும்? எண்கள் இருப்பவையா, மனிதர்கள் உண்டாக்கிக்கொண்டவையா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. வந்தது மெய்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது மற்றொன்று. 1913 ஜனவரியில் இராமானுஜன் இங்கிலாந்தின் கணித மேதை ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் உலகம் இன்றும் வியக்கும் சூத்திரங்கள் இருந்தன. பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் கோரியவை மட்டும் சரியாக இல்லை. இரண்டும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. வந்த வேகத்தைக் கொண்டோ வந்த இடத்தைக் கொண்டோ எது மெய், எது பிழை என்று பிரிக்க முடியவில்லை. பிரித்தது நிரூபணம். கனவில் வந்ததை மறுநாள் பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதில் தாயாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

இருப்பைப் பற்றிய கேள்விக்குத் தமிழே ஒரு குறிப்புத் தருகிறது. ‘உண்மை’ என்ற சொல் பழைய சைவ நூல்களில் ‘உள்ளதாயிருத்தல்’ என்ற பொருளில் வரும். ‘இன்மை’ அதன் மறுதலை. எண்ணுக்கு உண்மை உண்டா என்று கேட்டால், அது உள்ளதா என்று கேட்பதே ஆகும். தெய்வ நம்பிக்கை சற்றும் இல்லாத ஹார்டியும் கணித மெய்ம்மை நமக்கு வெளியே இருக்கிறது என்றே எண்ணினார் என்பது ஒரு வேடிக்கை. நாமக்கல் தாயாரை வணங்கியவரும் கடவுளை ஏற்காதவரும் இந்த ஒன்றில் ஒரே பக்கம். மறுபக்கம் நின்றவர் நெதர்லாந்தின் கணித அறிஞர் பிரௌவர். கணிதம் மனம் கட்டி எழுப்புவது. கட்டிக் காட்டாத வரை ஒரு கூற்றை மெய் என்றும் சொல்லக்கூடாது, பொய் என்றும் சொல்லக்கூடாது என்பது அவர் நிலை.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவில்லை. எங்கள் ஐயா எண்சுவடியில் முந்திரி என்ற பின்னத்தைப் படித்தவர்கள். 320-இல் ஒரு பங்கு. இன்று முந்திரி என்றால் பாயசத்தில் போடுவதுதான் எல்லோருக்கும் தெரியும். பெயர் போயிற்று, வாய்பாடு போயிற்று, அதைக் கொண்டு கணக்கிட்ட மனிதர்களும் போய்விட்டார்கள். நான்கு முந்திரி ஒரு காணி என்பது போகவில்லை. 320-இல் நான்கு பங்கு இன்றும் 80-இல் ஒரு பங்குதான். பெயரையும் தேவையையும் உண்டாக்கியது நாம். அந்தச் சமத்தை உண்டாக்கியது நாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது நிரூபணம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் தருகிறேன். 1950-இல் சென்னையில் இராமானுஜன் பெயரால் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தைத் தம் சொந்தப் பணத்தில் தொடங்கியவர், நம் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார். அதன் முதல் இயக்குநர், ஹார்டியிடம் பயின்ற விஜயராகவன்.

கேள்வி: ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதை நிரூபிக்க 300 பக்கங்களுக்கு மேல் எழுதினார்களாமே! அதில் அவ்வளவு சந்தேகமா?
– எட்டாம் வகுப்பு மாணவி, பள்ளத்தூர்

பதில்: உன்னைப் போலவே அவர்களுக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆங்கிலேய அறிஞர்கள் ஒயிட்ஹெட்டும் ரஸலும் கணிதத்தைத் தர்க்கத்திலிருந்தே கட்டி எழுப்ப 1910-இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதியில், 350 பக்கங்களைத் தாண்டிய பிறகே அதற்கான இடம் வருகிறது. கடைக்குப் புதுத் தராசு வாங்கினால் எடை தெரிந்த படிக்கல்லை அதில் வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா? சோதனை கல்லுக்கு அல்ல, தராசுக்கு. அவர்கள் கட்டிய தர்க்கம் புதுத் தராசு. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது படிக்கல். விடை மூன்று என்று வந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பது தராசைத்தான்.

திருத்தம்: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டினால் பகா எண் கிடைக்கும் என்னும் ஆய்லரின் வாய்பாடு முதலில் தவறுவது 41-இல் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அது பிழை என்று புதுவயலிலிருந்து அரிசி ஆலைக் கணக்காளர் ஒருவர் ஒரே வரியில் அஞ்சலட்டை எழுதியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. 40-இன் வர்க்கம் 1600. அதோடு 40-ஐயும் 41-ஐயும் கூட்டினால் 1681. அது 41 × 41. 41-ஐப் போட்டால் மூன்று உறுப்புகளும் 41-ஆல் வகுபடும் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடுவதால், அதற்கு முந்தைய எண்ணைப் பெருக்கிப் பார்க்காமலே ‘முதலில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டேன். 0 முதல் 39 வரை வருபவை எல்லாம் பகா எண்களே. இம்முறை நாற்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.